சட்டைப் பையில் போன ரத்தம்

ஸ்டென்ட் வைத்த என் கணவருக்கு, ஆக்ஸிஜன் பட்டுக் கெட்டுப்போன கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையை டாக்டர் எழுதிக் கொடுத்தார். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்த லேப்காரர், குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்படியேவா எடுத்துட்டுப் போவீங்க?"

"சைதாப்பேட்டைல இன்னும் ரெண்டு வீடு கீதும்மா. முடிச்சிட்டு நேரா லேப்தான்."

நானும் சரியென்று அனுப்பிவிட்டேன். ரிப்போர்ட்டில் அளவு எக்கச்சக்கம்! பயத்தில் அவர் ஒரு வாரம் மாடிப்படியே ஏறவில்லை.

நடந்ததைக் கேட்ட டாக்டர், "ஐஸ்ல வைக்காம வெயில்ல சுத்தினா கொழுப்பு குழாயிலயே கெட்டுப்போகும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி எடுத்ததில் அளவு சரியாகவே இருந்தது.

லேபில் கேட்டால், "அப்படியும் ஆகும் மேடம்" என்று சிரிக்கிறார்கள். மனுஷன் சாவுக்குப் பயந்து கிடந்தது இவர்களுக்குச் சிரிப்பா?

இப்போதெல்லாம் ரத்தம் எடுக்க வருபவர் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினால்தான் என் கணவரைச் சட்டைக் கையை மடிக்க விடுவேன்.