முப்பது நாள் தொடக்கூடாத வண்டி

ஜோகுபாளையத்துச் சரசு ஒரு நாளைக்கு இருபத்துமூன்று வண்டிகளைத் துடைக்கிறவள். அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்பது வருடமாக இதே வேலை. காலை ஐந்தரைக்குக் கேட்டில் அட்டையைக் காட்டி உள்ளே போனால், எட்டரைக்குள் முடித்தாக வேண்டும். சொந்தக்காரர்களில் பாதிப் பேரின் முகம் அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒரு வண்டியின் பின்கண்ணாடியில் மூக்குத்தடம் விழுவது நின்ற வாரத்திலேயே, மூன்றாம் மாடி நாய் செத்துப்போனது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

துடைத்து முடித்ததும் வைப்பர் இரண்டையும் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்திவிடுவாள். மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்களுக்கு அதுதான் அடையாளம்: இந்த வண்டி ஆயிற்று.

ஸ்ரீஹர்ஷாவின் வண்டியை மட்டும் ஒன்பது நாளாக அவள் தொடவில்லை. மே மாதக் காற்றுமழையில் கிளை முறிந்து விழுந்து பானெட்டும் கூரையும் நசுங்கிப்போன உயரமான வண்டி அது. மூன்று வாரம் டிங்கரிங் கடையில் கிடந்துவிட்டுக் கருநீலப் புதுப் பெயிண்டோடு வந்திருந்தது. அவனே இறங்கி வந்து சொன்னான்.

"முப்பது நாள் யாரும் தொடக்கூடாது சரசம்மா. துணி, சோப்பு, பாலிஷ் எதுவும் கூடாது. கவர்கூடப் போடக்கூடாதாம்."

கீழ்த்தளத்தில் குழாய் ஒழுகும் என்பதால், எந்த மரத்துக்கும் அடியில் இல்லாத இடமாகப் பார்த்து வெளியே நிறுத்தினான். சங்கச் செயலாளர் சிவசங்கரன் அதை அறிவிப்பாகவே போட்டுவிட்டார். மீறினால் கேட் அட்டை ரத்து. போன வருடம் ஒருத்தியின் துணியிலிருந்த மண் ஒரு கதவைக் கீறிவிட, அவளுடைய அட்டை போயிற்று. அதன்பின் பக்கத்து அடுக்குமாடிகளும் அவளை உள்ளே விடவில்லை.

பத்தாம் நாள், வியாழக்கிழமை, பானெட் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வவ்வால் எச்சம் கிடந்தது. மரத்தடியைத் தவிர்க்கலாம், பறக்கிற வவ்வாலை என்ன செய்வது? செம்பழுப்பாகக் குழைந்து, அத்திப்பழ விதைகள் நிறைந்திருந்தது. ஸ்ரீஹர்ஷா விடியுமுன்பே புனேவுக்கு விமானமேறப் போயிருந்தான். போன் அணைந்திருந்தது. சிவசங்கரன் நடைக்குப் போயிருந்தார், அவரும் எடுக்கவில்லை.

"கோவிந்தப்பாண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க."

காவலாளி வந்து பார்த்துவிட்டுக் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "நோடு சரசம்மா, நீனு கை வெக்காதே. வவ்வாலுக்கு அட்டை கிடையாது, யாரும் பிடுங்க முடியாது. உனக்கு இருக்கு."

எதிர்க் கட்டடத்தின் சுவரில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏழே முக்காலுக்குப் பானெட்டுக்கு வந்துவிடும். இன்னும் இருபது நிமிடம். தம்பி சீனுவைக் கூப்பிட்டாள். அவன் வேறொரு டிங்கரிங் கடையில் பெயிண்ட் அடிப்பவன்.

"தூங்குறியாடா?"

"தூங்கினா போன் யாரு எடுத்தது? சொல்லு."

"புதுப் பெயிண்ட் மேல வவ்வா போயிருக்கு. அடிச்சு பத்து நாள் இருக்கும்."

அந்தப் பக்கம் கொட்டாவி பாதியில் நின்றது. "மேலதான் காஞ்சிருக்கும்க்கா. உள்ள இன்னும் மெத்துனு இருக்கும். வெயில் ஏறுச்சுன்னா அரிச்சிடும். அப்புறம் பாலிஷ் போட்டாலும் போவாது."

"தொடச்சிடட்டா?"

"தேய்க்காத. அந்த வெதையே கீறிடும். தண்ணி ஊத்தி ஊறவிடு, அதுவா எழும்பணும். போர் தண்ணி வேணாம், உப்பு நின்னுடும். உன் வண்டித் துணியையும் எடுக்காத, அதுல பாதி மண்ணு. யாரு வண்டி?"

"தொடக்கூடாதுன்னு சொன்னவங்க வண்டி."

"அப்ப போன வை. நான் உங்கிட்ட ஒண்ணுமே சொல்லல."

வெயில் இரண்டாம் மாடி ஜன்னலுக்கு வந்திருந்தது. சரசு தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். சாப்பாட்டுப் பையில் துவைத்து மடித்த பருத்திக் கைக்குட்டை இருந்தது. பாட்டிலைச் சாய்த்து ஓரத்திலிருந்து மெல்ல ஊற்றினாள். ஒன்றும் அசையவில்லை. நனைத்த கைக்குட்டையை அதன்மேல் போட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள், அவை தாமாகவே தேய்த்துவிடும் என்று பயந்தவள்போல. மறுபடி ஊற்றினாள். மூன்றாம் தடவை விதைகள் மிதந்தன. தண்ணீரோடு அவற்றைச் சரியவிட்டாள். மிச்சத்தைத் துணியின் நுனியால், அழுத்தாமல், ஒற்றி எடுத்தாள்.

எச்சம் போய்விட்டது. அது இருந்த இடத்தில் மங்கலாக ஒரு வளையம் நின்றது. குனிந்தால் தெரிந்தது, நிமிர்ந்தால் மறைந்தது.

அடுத்த வண்டிக்கு நேரமாகிவிட்டது. வாளியை எடுக்குமுன், ஒன்பது வருடமாகச் செய்துவந்ததை அவள் கை செய்தது. வைப்பர் இரண்டும் எழுந்து நின்றன. அவள் கவனிக்கவில்லை.

எட்டரைக்குக் கேட்டில் சிவசங்கரன் நின்றுகொண்டிருந்தார். மாடியிலிருந்து யாரோ படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தார்கள். போனை அவள் பக்கம் திருப்பினார்.

"என்னம்மா இது? வைப்பர் தானா எழுந்து நின்னுச்சா?"

"நான்தான் சார். வவ்வா போயிருந்துச்சு. வெயில் வரதுக்குள்ள எடுத்தேன்."

"எங்க காட்டு."

காட்ட ஒன்றுமில்லை. அவ்வளவு சுத்தமாக எடுத்திருந்தாள். கேட்டை ஒட்டி நின்ற வண்டியருகே போய் அவர் குனிந்து பார்த்தபோது வளையம் மட்டும் தெரிந்தது.

"இது நீ தேய்ச்ச தேய்ப்பு."

"தேய்க்கல சார். கோவிந்தப்பாண்ணா பாத்தாரு. கேளுங்க."

கோவிந்தப்பா பதிவேட்டைப் புரட்டினார். "நானு கேட்டைத்தான் பாத்துட்டிருந்தேன் சார்."

அட்டை சிவசங்கரனின் சட்டைப் பைக்குள் போனது. "ஹர்ஷா நாளைக்குச் சாயந்தரம் வரார். அதுவரைக்கும் வராத."

வெள்ளிக்கிழமை மற்ற வண்டிகளெல்லாம் தூசியோடு ஆபீசுக்குப் போயின. சரசு வீட்டில் ஒரே தட்டை இரண்டு தடவை கழுவினாள். ஐந்து மணிக்குப் போய், பதிவேட்டில் பார்வையாளராகக் கையெழுத்துப் போட்டு உள்ளே நுழைந்தாள்.

ஸ்ரீஹர்ஷா போன் விளக்கைப் பானெட்டின்மேல் சாய்த்துப் பிடித்து வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கை நகர்த்தி வண்டியைச் சுற்றி வந்தான். கதவைத் திறந்து படியில் ஏறிக் கூரையைப் பார்த்தவன் அப்படியே நின்றான்.

"தண்ணி கொடுங்க."

கோவிந்தப்பா ஓடிப்போய்க் கொண்டுவந்தார். ஊற்றினான், காத்திருந்தான், ஒற்றினான். பிறகு சிவசங்கரனையும் ஏறிப் பார்க்கச் சொன்னான். கூரையில் இன்னொரு எச்சம் இரண்டு நாள் வெயிலில் கிடந்திருக்கிறது. அதற்கடியில் பெயிண்ட் சுருங்கி, பால் ஆடைபோல மடிந்திருந்தது.

ஸ்ரீஹர்ஷா இறங்கிச் சரசுவிடம் வந்தான். கோபமாகத்தான் கேட்டான், கன்னடத்தில்.

"இதை ஏன் விட்டீங்க?"

இரண்டு நாளாக எத்தனையோ பதில்களை அடுக்கி வைத்திருந்தாள். எல்லாம் ஏன் தொட்டாய் என்ற கேள்விக்கு.

"எனக்கு எட்டாது சார். அங்க ஒண்ணு இருக்குன்னே தெரியாது."

அவன் பானெட்டைப் பார்த்தான், கூரையை அண்ணாந்து பார்த்தான். "கீழே இருக்கிறது பாலிஷில் போயிடும்," என்றான், யாரிடமென்று இல்லாமல். சிவசங்கரன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, வேறெங்கோ பார்த்தபடி நீட்டினார்.

சரசு வாங்கிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

"இன்னும் பத்தொம்போது நாள் இருக்கு சார். மறுபடி வவ்வா போனா நான் தொடலாமா, கூடாதா?"

"எச்சம்னா உடனே எடுங்க. ஸ்டூல் போட்டுப் பாருங்க."

"வாயால சொன்னா போதாது. அந்தக் குரூப்புல போடுங்க சார்."

சிவசங்கரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஸ்ரீஹர்ஷா அதற்குள் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தான். செயலாளரின் பையில் போன் ஒரு தடவை அதிரும்வரை சரசு அங்கேயே நின்றாள்.