அந்த மாவையே குடுங்க

அன்று பேராதனை ஆஸ்பத்திரியில் அந்த அறையில் இருந்தது மூன்று பேர்: புரொபசர், அவருடைய ஆய்வு உதவியாளனான நான், புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அக்கா. அக்காவின் கணவர் வரவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு விழும் கூலிப் பதிவைப் ‘பேர்’ என்பார்கள். வீட்டுக்கு ஒரு பேராவது விழட்டும் என்று அவர் வேலைக்குப் போய்விட்டார். மேசையில் மூடி திறந்த மாத்திரைப் போத்தல்.

புரொபசர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி, வயிற்று நோய் நிபுணர். எந்தச் சோதனையிலும் காரணம் தெரியாமல் ஆளை முடக்கிவிடும் வயிற்று வலிக்கு மருந்து ஆய்வுகளை வகுப்பவர். கேள்வித்தாளின் ஒரு சொல்லுக்காக அரை நாள் என்னோடு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் ‘வயிறு எரிகிறதா?’ என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, “தம்பி, இப்பிடிக் கேட்டா மாமியாரைப் பற்றித்தான் சொல்லுவினம்” என்று சிரித்தார்; எங்கள் தோட்டத்தில் எப்படிச் சொல்வோம் என்று கேட்டு அதையே எழுதினார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் தோட்டத்துப் பேச்சுக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் வகுத்த விதிகளில் ஒன்று: உண்மையான மருந்தைத் தொடங்குமுன் எல்லோருக்கும் இரண்டு வாரம் மருந்தில்லாத மாத்திரை. அதற்கே வலி குறைந்தவரை ஆய்வில் சேர்க்கக் கூடாது. இந்த வலி, யாராவது கவனித்துக் கேட்டாலே பலருக்கு இறங்கிவிடும். அவர்களையும் சேர்த்தால் வேலை செய்தது மருந்தா, நாங்கள் கேட்ட கேள்வியா என்று தெரியாது. இன்றும் அதில் பிழை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு அதிலேயே வலி போய்விட்டது. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு மலையிலேயே சுருண்டு கிடந்தவர், இரண்டு வாரமாக வயிறாரச் சோறு சாப்பிட்டார். அதனாலேயே சேர்க்க முடியாது என்று புரொபசர் மெதுவாகச் சொன்னார். அக்கா விழுங்கியது வெறும் மா என்பதையும் சொன்னார். கையெழுத்து வாங்கும்போதே, மருந்தில்லாத மாத்திரையும் வரலாம் என்று சொல்லியிருந்தோம்; எப்போது என்று மட்டும் சொல்லவில்லை. அக்கா போத்தலைப் பார்த்தார்.

“மாவுன்னா என்னாங்க மேடம், அந்த மாவையே குடுங்க.”

ஆய்வு மாத்திரையை வெளியாருக்குக் கொடுக்கப் புரொபசருக்கே அனுமதி இல்லை. “என்னாலயும் ஏலாது, பிள்ளை” என்றவர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வழக்கமான கிளினிக் மருந்தை எழுதினார். வலி திரும்பி வந்தது. மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. மூன்று மாதம், மாதம் ஒருமுறை அக்கா வந்தார். கடைசி முறை வாசலில் என்னிடம், “மேடம் அன்னைக்கி அதச் சொல்லாமலே இருந்திருக்கலாம், தம்பி” என்றார். குறையாகச் சொல்லவில்லை.

புரொபசர் இப்போது ஓய்வில். ஆய்வு நன்றாகவே முடிந்தது. அதில் அக்காவின் பெயர் எங்கும் இல்லை. அந்தப் போத்தல் காலியாக என் அலுமாரியில் இருக்கிறது. பஸ் காசை நாங்கள் கொடுத்துவிட்டோம். வந்து போன நாட்களுக்காகத் தோட்டத்தில் அக்காவுக்கு விழாமல் போனது, ஐந்து பேர்.