என் கையெழுத்தோடு போன நிலம்

திருக்கனூரில் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருப்பவனுக்கு உபதொழில் ஒன்று தானாக அமைந்துவிடும். பத்திரம் பதிய வருகிறவர்கள், சாட்சிக்கு ஆள் குறைந்தால் என் கடையைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். ஆதாரை எடுத்துக்கொண்டு போவேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, வாங்கித் தரும் டீயைக் குடித்துவிட்டு வருவேன். பத்திரத்தைப் படித்துப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை.

அந்தக் கரும்பு விவசாயியும் அப்படித்தான் கூப்பிட்டார். பல போகமாக என்னிடம் கடனுக்கு உரம் எடுத்தவர். "குடும்ப விஷயம்ணே, ஒரு கையெழுத்து" என்றார். போட்டேன். அன்றைக்கு டீயோடு போண்டாவும் வந்தது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பிறகு பாக்கி கேட்டுப் போனேன். "என்னாண்ட இன்னாண்ணே இருக்குது? இருந்த நெலத்தையும் மச்சானுக்கு தானமா எழுதிட்டேன். நீதான சாட்சி?" என்றார்.

எனக்கோ நான் வைத்த பாக்கிக்காக மொத்த வியாபாரி உர லோடை நிறுத்தியிருந்தார். அந்த நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவராவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான். என் கடனை ஏமாற்றத்தான் இந்தத் தானம், இது செல்லாது என்று வழக்குப் போட்டேன். புதுச்சேரிக்கு பஸ் ஏறி ஏறி, "இன்னிக்கும் வாய்தாவா?" என்று கண்டக்டரே துக்கம் விசாரிக்கும் நிலைக்கு வந்தேன்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் என் கையெழுத்தை நீட்டினார். "தெரிஞ்சேதான போட்டீங்க?"

"படிக்கலைங்க."

"படிக்காமலா?"

"படிச்சா சந்தேகப்படறான்னு நெனப்பாங்க சார். இதுவரைக்கும் போட்ட எதையுமே நான் படிச்சதில்ல."

நீதிபதியே சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் என் வக்கீல் தோளைத் தட்டினார். "இவ்ளோ ஏமாளித்தனத்தை யாராலயும் பொய்யா சொல்ல முடியாது சார். நம்பிட்டாங்க."

நம்பித்தான் இருந்தார்கள். சாட்சிக் கையெழுத்து போட்டதாலேயே விவரம் தெரியும் என்று ஆகிவிடாது. தானம் வாங்கிய மச்சான் நிலத்தில் கால் வைத்ததே இல்லை, கரும்பு வெட்டியதெல்லாம் எழுதிக் கொடுத்தவரேதான். ஆகவே பத்திரம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. சந்தோஷப்படத் தெம்பில்லை. திரும்பும் பஸ்ஸில் விவசாயியும் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"அப்பீல் போறேண்ணே, கோச்சுக்காத."

மொத்த வியாபாரிக்குப் போன் போட்டேன். "ரொம்ப சந்தோஷம். அப்பீல் முடியட்டும், லோடு அனுப்பறேன்" என்று வைத்துவிட்டார்.

"இன்னாண்ணே சொன்னாரு?" என்று விவசாயி நிஜமான கவலையோடு கேட்டார்.

"உன் அப்பீல் எப்ப முடியும்னுதான் கேட்டாரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.