இரண்டு சாம்பல் மேடுகள்

கண் விழித்தபோது மடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பனி சேர்ந்திருந்தது. படம் வரையும் புத்தகம் திறந்தபடி கிடந்தது. பென்சில் விரல்களுக்கு நடுவில்தான் இருந்தது, விரல்களுக்குத்தான் அது தெரியவில்லை. மார்சலி இடது கையுறையைப் பல்லால் கவ்வி இழுத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டாகக் கால் மணி நேரம் இருந்தது.

ஒரு மணிக்குத்தான் இந்தப் பாறைக்குப் பின்னால் காற்று படாத இடம் பார்த்து உட்கார்ந்தாள். எதிர்ச் சரிவின் மேல் மேகம் கிடந்தது. விலகினால் உச்சியின் விளிம்பை மட்டும் வரைந்துகொண்டு இறங்கிவிடலாம் என்று காத்திருந்தாள். அதற்கப்புறம் ஒன்றும் ஞாபகமில்லை. முக்கால் மணி நேரம் போயிருக்கிறது. குளிர்காலத்தில், மலை மேல், உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாள்.

பயம் உடனே வரவில்லை. எழுந்து நின்று, முழங்கால் மடங்க மறுத்தபோதுதான் வந்தது.

இரண்டரைக்கு வேனில் இருப்பேன் என்று அட்டையில் எழுதி வைத்துவிட்டு வந்திருந்தாள். இறங்க வழக்கமாக முக்கால் மணி போதும். இன்றைக்கு வந்த தடமே இல்லை. புதுப்பனி எல்லாவற்றையும் மூடியிருந்தது. இரும்புப் பல் வைத்த வாரைப் பூட்ஸில் மாட்டுவதற்கே விரல்கள் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டன. பனிக்கோடரியை ஊன்றி, ஓர் அடி வைத்து, நின்று, அடுத்த அடி வைத்தாள். நாலு மணிக்கு வெளிச்சம் போய்விட்டது. நெற்றி விளக்கைப் போட்டால் எதிரே பனி விழுவது மட்டும் தெரிந்தது. வலது பக்கம் கேட்கிற ஓடையின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, காதை நம்பி நடந்தாள்.

நடக்கும்போது தங்கையின் வீட்டு ஆணி நினைவுக்கு வந்தது.

மார்சலி இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். ஏரி ஓரமாக, இரு பக்கமும் மலை நிற்கிற சாலையில், பின்னால் முப்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, சாலையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாத வேலை. மலைகள் ஓரக்கண்ணிலேயே நின்றன. ஓய்வு பெற்ற வருஷம் வாடகை வீட்டைக் காலி செய்து, பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு வடக்கே கிளம்பினாள். இனிமேல் அவற்றை நேராகப் பார்க்கப் போவதாகச் சொன்னாள்.

இன்வர்னஸ் நகரில் இருந்த தங்கை இஷ்பெல் மாடியறையைச் சுத்தம் செய்து வைத்திருந்தாள். கதவுக்குப் பக்கத்தில், வேன் சாவி மாட்டுவதற்கென்றே ஓர் ஆணியும் அடித்து வைத்திருந்தாள். கோடையில் போ, பனிக்காலத்தில் இங்கே இரு என்றாள். மார்சலி கேட்கவில்லை. கோடையில் மலை முழுக்க ஆள், பூச்சிக்கடி வேறு. பேச்சு முற்றிய கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்தாள். "எனக்காக ஒரு ஆள் மலையேற வேண்டி வந்தா, மறுநாளே சாவியைக் கொண்டுவந்து உன் ஆணியில மாட்டிடறேன்."

இது மூன்றாவது குளிர்காலம். ஆணி காலியாகவே இருந்தது.

வாக்கைக் காப்பாற்றத்தான் அந்த அட்டை. தினமும் காலையில் மலையின் பெயர், வரைபடத்தில் அந்த இடத்தைக் குறிக்கும் ஆறு எண், திரும்பும் நேரம் மூன்றையும் எழுதி வேனின் முன்கண்ணாடியில் செருகிவிட்டுப் போவாள். திரும்பியதும் அட்டையை வெற்றுப் பக்கமாகத் திருப்பி வைப்பாள். தபால் வண்டி ஓட்டும் டொலினா மூன்று மணிக்கு அந்த வழியாகப் போகிறபோது ஒரு பார்வை பார்ப்பாள். வெற்றுப் பக்கம் தெரிந்தால் நிற்காமல் போய்விடுவாள். இருவருக்கும் இது பேச்சில்லாத ஏற்பாடு.

இந்தக் குளிர்காலம் முந்தைய இரண்டைப் போல இல்லை. மலை அதேதான். வேனுக்குள் வாழ்வதுதான் மாறிவிட்டது. ராத்திரி விட்ட மூச்செல்லாம் காலையில் உள்கண்ணாடியில் பனிக்கட்டியாக ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டுவதில்தான் நாள் தொடங்கும். கேனில் தண்ணீர் உறைந்திருக்கும். ஈரக் காலுறையைப் படுக்கைப் பைக்குள் வயிற்றோடு வைத்துப் படுத்தால்தான் காலையில் போட முடியும். முன்பெல்லாம் இவற்றைச் செய்துவிட்டு மலைக்குப் போனாள். இப்போது இவற்றைச் செய்து முடிப்பதற்குள்ளேயே ஒரு மலை ஏறி இறங்கிய களைப்பு வந்துவிடுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை, டொலினா ஒருத்தியைத் தவிர.

இன்று காலையில் பேனா உறைந்துபோயிருந்தது. கக்கத்தில் வைத்துச் சூடாக்கி, 'சாம்பல் மேடு, 2.30' என்று எழுதியதோடு கட்டைவிரல் வெடிப்பில் ரத்தம் வந்துவிட்டது. எண்களை எழுதாமல் விட்டுவிட்டாள்.

வேன் தெரிந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். பக்கத்தில் யாரும் இல்லை. முதல் வேலையாக அட்டையைத் திருப்பி வைத்தாள். டொலினா கவனித்திருப்பாளா? பனி பெய்கிற நாளில் கண்ணாடிக்குள் என்ன தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பூட்ஸைக் கழற்றினாள். அடுப்பைப் பற்றவைத்து நீலத் தொப்பியைக் கயிற்றில் காயப்போட்டாள்.

அப்போதுதான் வடக்கு மலையில் விளக்குகளைப் பார்த்தாள். ஏழு. வரிசையாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, மெதுவாக ஏறிக்கொண்டிருந்தன. அந்த இடைவெளி எதற்கென்று அவளுக்குத் தெரியும். தேடும்போதுதான் அப்படி நடப்பார்கள். மலை மீட்புக் குழு. ஊர்க்காரர்கள்தான், அவரவர் வேலையைப் போட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

யாரோ பாவம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். நல்லவேளை, நாம் இறங்கிவிட்டோம். இறங்கும் ஆட்களுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று வேனின் முன்விளக்கைப் போட்டுவிட்டாள். பேட்டரி இறங்கும், இறங்கட்டும். பெரிய பாத்திரத்தில் உருளைக்கிழங்கு சூப்பை வைத்தாள். டீக்குத் தனியாகத் தண்ணீர் வைத்தாள். சூடேறும்வரை சும்மா இருக்க முடியாமல், பகலில் முடிக்காமல் விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை எடுத்து, கறுப்புப் பென்சிலால் தேய்த்து இருட்டாக்கி, ரப்பரால் ஏழு புள்ளிகளை வெள்ளையாக எடுத்தாள். நன்றாக வந்திருந்தது. இந்தக் குளிர்காலத்தில் நன்றாக வந்த முதல் படம் என்றுகூடத் தோன்றியது.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் கதவைத் தட்டினார்கள். திறந்தாள். நெற்றி விளக்கோடு ஒருவர், மீசையில் பனிக்கட்டி. குழுவின் தலைவர் ஃபார்கர் என்று சொல்லிக்கொண்டார். வடக்குக் கரையிலிருந்து ஏறியதால் இந்த வேனை முன்பு பார்க்காதவர், முன்விளக்கைப் பார்த்து அவர் மட்டும் இறங்கி வந்திருந்தார். அவர் பெயரைக் கேட்டிருக்கிறாள், பார்த்ததில்லை.

"மன்னிக்கணும். இந்தப் பக்கமா யாராவது இறங்கி வந்தாங்களா? ஒரு அம்மா. அறுபது வயசுக்கு மேல இருக்கும். நீலத் தொப்பி போட்டிருப்பாங்களாம். படம் வரையறவங்க."

மார்சலியின் கை தன் தலைக்குப் போனது. தொப்பி அங்கே இல்லை. அடுப்புக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்தது. ஃபார்கரும் அதைப் பார்த்தார். பிறகு மேஜை மேல் திறந்து கிடந்த படப் புத்தகத்தைப் பார்த்தார். அதிலிருந்த ஏழு புள்ளிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீலந்தான்" என்றாள் மார்சலி.

அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். எந்த மலையில் இருந்தாள் என்று கேட்டார். சாம்பல் மேட்டில் என்றாள். எந்தச் சாம்பல் மேடு என்றார். அவள் தெற்கே கையைக் காட்டினாள்.

"நாங்களும் சாம்பல் மேட்டுலதான் இருந்தோம்," என்று அவர் வடக்கே கையைக் காட்டினார். "ஒரு மணி நேரமா."

மலைகளுக்கு நிறத்தையே பெயராக வைக்கிற நாடு அது. கருத்த மேடு, சிவந்த மேடு, சாம்பல் மேடு. நிறம் கொஞ்சம், மலை நிறைய. வரைபடக்காரர்கள் ஒரு காலத்தில் வந்து விசாரித்து, தெற்கு மலைக்குச் சாம்பல் மேடு என்று எழுதிக்கொண்டு போனார்கள். வடக்குக் கரையில் இருப்பவர்களுக்கோ, வீட்டு ஜன்னலில் எது சாம்பலாகத் தெரிகிறதோ அதுதான் சாம்பல் மேடு. டொலினா பிறந்ததிலிருந்து வடக்குக் கரை. மூன்று குளிர்காலம் அங்கே கிடந்தும் மார்சலி மலையின் பெயரை வரைபடத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் ஆறு எண்கள் இருந்ததால் அது தெரியாமல் போயிருந்தது.

ஃபார்கர் வயர்லெஸ்ஸில் ஆட்களைக் கீழே வரச் சொன்னார். அந்தப் பக்கமிருந்து வந்த பதிலைக் கேட்டு முகம் மாறினார். டோர்மட் பனிக்குள் மறைந்திருந்த பள்ளத்தில் காலை விட்டு முழங்காலைத் திருகிக்கொண்டாராம். பெட்ரோல் பம்ப் வைத்திருக்கிறவர், ஐம்பத்தைந்து வயது. தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார்கள்.

அவர்களுக்கு முன்னால் டொலினா வந்துவிட்டாள். தபால் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். மார்சலியை மேலும் கீழும் பார்த்தாள். உயிரோடு இருக்கிறாள் என்று உறுதியானதும் ஆரம்பித்தாள்.

"சாம்பல் மேடுன்னா எங்க சாம்பல் மேடு. எங்கப்பா அதுல ஆடு மேய்ச்சாரு. அந்தத் தெக்குப் பக்கத்துக் குப்பைமேட்டை எவன் சாம்பல்னு சொன்னான் உனக்கு?"

"வரைபடத்துல இருக்கு, டொலினா."

"வரைபடம் எழுதினவன் எவன் வீட்ல டீ குடிச்சானோ அவன் சொன்னதை எழுதிட்டுப் போனான். சரி, தினம் ஆறு எண் எழுதுவியே, இன்னிக்கு எங்க போச்சு? மூணு மணிக்குப் பாத்தேன். மூணே முக்காலுக்குத் திரும்பி வந்து பாத்தேன். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல பொம்பளே."

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது. அதை மறைக்க சூப்பைக் கிளறப் போய்விட்டாள்.

டோர்மட்டைக் கொண்டுவந்து மார்சலியின் படுக்கையில் கிடத்தினார்கள். முழங்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. மற்ற ஆறு பேரும் மாற்றி மாற்றி உள்ளே வந்து சூப்பைக் குடித்தார்கள். யாரும் அவளைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். டோர்மட் அவள் மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்கும்போதெல்லாம் வேறு பேச்செடுத்தார். ஜன்னலோரத்தில் சாம்பல் நிறத் தண்ணீரோடு இருந்த ஜாம் குப்பியை எடுத்து மோந்து பார்த்தார்.

"விஸ்கி."

"குடிக்க இல்ல. வண்ணம் கரைக்கிற தண்ணி உறையாம இருக்கக் கலக்கறது."

"எங்க ஊர்லயும் அதுக்குத்தாங்க," என்றார் டோர்மட். "உறையாம இருக்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் குப்பியைத் திரும்ப வைத்தபோது வலியில் கன்னம் இழுத்துக்கொண்டதை மார்சலி பார்த்தாள். பனிக்காலம் முடியும்வரை பம்ப்பில் யார் நிற்பார்கள் என்று யோசித்தாள்.

டோர்மட்டை மருத்துவமனைக்கு ஏற்றி அனுப்பிய பிறகு ஃபார்கர் ஒரு தாளை எடுத்து முழங்கால் மேல் வைத்து எழுதினார். ஒரே பெயரில் இரண்டு மலை, யார் மேலும் தப்பில்லை, இப்படி வருஷத்துக்கு ஒன்றாவது நடக்கிறது என்று எழுதியபடியே சொன்னார். தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு வரி இருந்தது. மேகமா என்று அவரே கேட்டு, அவரே எழுதப் போனார்.

மார்சலி ஆமாம் என்றாள். அவர் எழுதி முடித்துத் தாளை மடித்தார். எழுந்து கதவுவரை போனார்.

"தூங்கிட்டேன்" என்றாள்.

அவர் நின்றார்.

"பாறைக்குப் பின்னால. முக்கா மணி நேரம். மேகம் ஒண்ணும் பண்ணல."

டொலினா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். ஃபார்கர் மடித்த தாளைப் பிரிக்கவில்லை.

"இதுல அதுக்கு இடமில்லைம்மா," என்றார். "எனக்கும் ஒரு தடவை அப்படி ஆச்சு. அதுக்கப்புறம் நான் தனியாப் போறதில்ல."

அவர் போன பிறகு டொலினா பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினாள். போகிறபோது, மலைப் பெயர் குழப்பம் என்றுதான் ஊரில் பேசுவார்கள், இன்வர்னஸ்வரை யார் போய்ச் சொல்லப் போகிறார்கள் என்றாள். தங்கையிடம் கொடுத்த வாக்கு டொலினாவுக்குத் தெரியும்.

"ஒருத்தரில்ல டொலினா. ஏழு பேர் ஏறியிருக்காங்க."

"வேற மலைல" என்றாள் டொலினா. கதவைத் திறந்துகொண்டு வண்டிக்குப் போனாள்.

மறுநாள் காலை பனி நின்றிருந்தது. மார்சலி உள்கண்ணாடியைச் சுரண்டினாள். பேட்டரி இறங்கிப் போயிருந்ததால் வண்டி கிளம்பவில்லை. டொலினா ஒன்பது மணிக்கு வந்து தபால் வண்டியிலிருந்து கம்பி போட்டுக் கிளப்பிக் கொடுத்தாள். மார்சலி கேனில் உறைந்திருந்த தண்ணீரைத் தட்டிக் கீழே கொட்டினாள். போகிற வழியில் டோர்மட் வீட்டில் நிறுத்தினாள். ராத்திரியே கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று அவர் மனைவி சொன்னாள். ஏழு புள்ளிப் படத்தைக் கிழித்துக் கொடுக்கலாமா என்று நினைத்தாள், கொடுக்கவில்லை. இன்வர்னஸ் போய்ச் சேர மதியம் ஒரு மணி ஆயிற்று. இஷ்பெல் கதவைத் திறந்தாள். மார்சலி சாவியை ஆணியில் மாட்டினாள். இஷ்பெல் அதைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். மீனும் உருளைக்கிழங்கும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மாடியறைக்குப் போய் மூன்று மணிக்குப் படுத்தாள்.