பாறணைக்குச் சோள ரொட்டி

மொன்றியல் டவுன்டவுனில் ஓர் இத்தாலிய உணவகத்தில் நான் சமையற்காரன். முதன்முதலில் அங்கே கோப்பை கழுவப் போனபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அவள் லொங்குய்யில் வீடு வாங்கிக் குடியிருந்துகொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் பிரஷரை விசாரிக்கிறாள். இடைப்பட்ட காலம் முழுவதும் நான் அடுப்புக்கு முன்னால்தான் நின்றிருக்கிறேன். முழங்கால்கள் இரண்டும் என்னைக் கேட்காமலே ஓய்வுபெற்றுவிட்டன. நித்திரை கொண்டால் களைப்புப் போய்விடும் என்று நம்பிய வயது ஒன்று இருந்தது. இப்போது நான் எழும்புவதற்கு முன்பே களைப்பு எழும்பிக் காத்திருக்கிறது.

எங்கள் முதலாளியின் குடும்பம் மொலீசே என்ற மாகாணத்திலிருந்து வந்தது. இத்தாலியிலேயே பலருக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியாதாம். மொன்றியலில் தடுக்கி விழுந்தால் அந்த ஊர்க்காரர் மேல்தான் விழ வேண்டும். அவர்களுடைய பண்ணை வீட்டுச் சாப்பாட்டைத்தான் நான் சமைக்கிறேன்: விரலால் இழுத்துச் சுருட்டிய மாத்துண்டுகள், பன்றித்தோல் போட்டு அவித்த அவரை, வாட்டிய பாற்கட்டி. சாப்பிட்டவர்கள் தட்டை வழித்துவிட்டு, சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்பார்கள். வெளியே போனால், கறுத்த மனிதன் ஒருவன் வந்து நிற்பதைக் கண்டு சிலரது முகத்தில் சின்ன ஏமாற்றம் தெரியும். அது பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். மனைவியோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதென்பது எங்கள் வீட்டில் இல்லாமலே போய்விட்டது. அவள் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி கட்டுகிறாள். விடியமுன் பஸ் பிடித்தால் பின்னேரம்தான் திரும்புவாள். நான் மத்தியானம் புறப்பட்டால் கடைசி மெட்ரோவில் வருவேன். அவளுக்கு லீவு வரும் சனி ஞாயிறுகளில்தான் உணவகத்தில் தேர்த்திருவிழா. எங்கள் குசினி மேசைக்கு இரண்டு கதிரைகள். ஒன்றில் அவள் இருந்து சாப்பிடுவாள். பிறகு அதே கதிரையில் நான் இருந்து சாப்பிடுவேன். மற்றக் கதிரையில் அரிசிப்பை இருக்கிறது. அது எப்போது ஏறி உட்கார்ந்தது என்று எங்கள் இருவருக்கும் ஞாபகமில்லை. ஒரு பை முடிந்தால் அடுத்த பை அதே இடத்துக்கு வந்துவிடும்.

நான் வீட்டில் சமைப்பதும் இல்லை. அவள் சுத்த சைவம். என் கையோ பன்றிக் கொழுப்பில் ஊறியது. வேலையால் வந்தால் குளிக்காமல் குசினிக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. குளித்தாலும் அவளுடைய சட்டிகளைத் தொடக்கூடாது. இதில் எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. ஊருக்கெல்லாம் சமைத்துப் போடுகிறேன், அவள் என் கையால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் ஐப்பசியில் உணவகத்தின் புகைபோக்கியை மாற்றுவதற்காகக் கடையை ஏழு நாள், ஒரு கிழமை முழுவதும், பூட்டினார்கள். மகளுக்கு இது தெரிந்ததும் உடனே போன் வந்தது.

"அப்பா, வக்கான்ஸ், விடுமுறை எண்டு ஒண்டு இருக்கு, தெரியுமோ? நீங்கள் ஒருநாளும் எடுக்கேல்லை. மொலீசேயில ஒரு பண்ணை வீடு புக் பண்ணீட்டன். அங்கயே தங்கலாம், அங்கயே சாப்பிடலாம். அந்த வீட்டு அம்மாதான் சமைக்கிறவ. நீங்கள் அம்மாவோட சும்மா இருந்து சாப்பிட்டால் காணும்."

சும்மா இருந்து சாப்பிட்டால் காணும் என்றது என் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இத்தாலியைப் பார்க்கிற ஆசை எனக்கு இல்லை. அதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதன் வயிற்றுப் பக்கத்திலிருந்து. எனக்கு வேண்டியிருந்தது ஒரு மேசை. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வேறு யாராவது கொண்டுவந்து வைக்க வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். சைவமாகவே கேட்கலாம், அந்த ஊர்ச் சமையலில் மரக்கறிக்கும் பருப்புக்கும் குறைவில்லை என்று எனக்குத் தெரியும். மனைவியிடம் சொன்னேன். அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஓம், போவம்" என்றாள். அந்தப் பார்வையைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் விமானம். இதை வாசிக்கிற எங்கள் ஆட்கள் இப்போதே தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தீபாவளியன்றும் வேலைக்குப் போனவன் நான். அடுப்புக்கு முன்னால் நிற்கிறவனுக்கு அமாவாசையும் பௌர்ணமியும் ஒன்றுதான். விமானத்தில் அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. வயிற்றைப் பிரட்டுகிறதாக்கும் என்று நினைத்து, அவளுடையதையும் நானே சாப்பிட்டேன்.

பண்ணை வீடு ஒரு குன்றின் மேல் இருந்தது. கல் வீடு, கீழே சரிவெல்லாம் ஒலிவ் மரங்கள், சமையலறையில் ஓர் ஆள் குனிந்து உள்ளே போகக்கூடிய விறகடுப்பு. வீட்டுக்காரிக்கு என் வயதிருக்கும். எங்களைப்போலச் சாப்பிடுவதற்கென்றே வந்த ஜெர்மன் சோடி ஒன்றும் அங்கே தங்கியிருந்தது. படம் எடுக்காமல் அவர்கள் எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். விடிந்தால் தோட்டத்துக்குப் போய் அந்த வீட்டு ஆட்களோடு ஒலிவ் பிடுங்குவார்கள். விடுமுறைக்கென்று வந்து கூலிவேலை செய்கிறவர்களை அங்கேதான் முதன்முதலில் கண்டேன்.

முதல் நாள் மாலை எங்களை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். நான் நினைத்திருந்த மேசையேதான். வீட்டுக்காரி சுட்ட பாண் துண்டுகள் கொண்டுவந்து வைத்தாள். மேலே அந்தக் கிழமை பிழிந்த எண்ணெய், பச்சைப் பசேலென்று, தொண்டையைக் காறும் எண்ணெய். ஒரு துண்டை எடுத்து மனைவியின் தட்டில் வைத்தேன்.

"நீங்கள் சாப்பிடுங்கோ" என்றாள். "எனக்கு விரதம்."

"என்ன விரதம்?"

"கந்தசட்டியெல்லே. நேற்றுத் தொடங்கீட்டுது."

கந்தசட்டி ஆறு நாள். அவள் பிடிக்கிற முறையில் பகலில் ஒன்றுமில்லை. இரவில் ஒருதரம் பாலும் பழமும். ஆறாம் நாள், சூரன்போரன்று, அதுவும் இல்லை, தண்ணீர் மட்டும். ஏழாம் நாள் விடியப் பாறணை: குளித்து, சமைத்து, முருகனுக்குப் படைத்துவிட்டுச் சாப்பிட்டு விரதத்தை முடிப்பாள். எனக்குத் தெரிந்து ஒரு வருடமும் விட்டதில்லை. நாங்கள் திரும்புகிற நாளை மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். அது சூரன்போர் நாள். இத்தாலியில் அவள் என்னோடு ஒரு நேரம்கூடச் சாப்பிடப் போவதில்லை.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. "நீர் முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தால் வந்திருப்பியளோ?"

"வந்திருக்க மாட்டன்."

"அதுதான் சொல்லேல்லை. நீங்கள் ஆறுதலா இருந்து சாப்பிட்டு நான் பாத்ததில்லை. சாப்பிடுங்கோ, நான் பக்கத்தில இருக்கிறன்தானே."

பக்கத்தில்தான் இருந்தாள். ஒவ்வொரு மாலையும் சுடுதண்ணீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரே இருந்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். இறங்கியது. நன்றாகவே இறங்கியது. இத்தனை வருடமாக நான் பிறருக்குப் போட்ட சாப்பாடெல்லாம் உட்கார்ந்து சாப்பிட இப்படித்தான் இருக்கும் என்று அங்கேதான் தெரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு வாயோடும் எரிச்சலும் சேர்ந்து உள்ளே போனது.

வீட்டுக்காரி விடவில்லை. "மாஞ்ஜா, சிஞ்ஞோரா, மாஞ்ஜா" என்று மனைவியைச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினாள். எனக்குத் தெரிந்த இத்தாலி மொழி முழுவதும் தின்னக்கூடியது. விரதத்துக்கு அதில் சொல் இல்லை. வானத்தைக் காட்டி, வாயைப் பொத்தி, ஆறு விரலைக் காட்டினேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று விளங்கிக்கொண்டு அவள் சிலுவை போட்டாள். அதன் பிறகு மனைவியை வற்புறுத்தவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அடுப்பங்கரையில் உட்கார வைத்தாள். பால் காய்ச்ச அடுப்பில் ஒரு மூலையையும் ஒதுக்கிக் கொடுத்தாள். அப்போதுதான் கண்டேன், என் சேட்டுகளுக்கு நடுவே சுற்றி, வீட்டிலிருந்து ஒரு சின்னப் பால்சட்டியும் எங்களோடு பயணம் வந்திருந்தது.

அதன் பிறகு ஜெர்மன்காரர் ஒலிவ் பிடுங்கினார்கள், மனைவி அடுப்பங்கரையில் இருந்தாள், நான் பகலெல்லாம் நித்திரை கொண்டேன். கடைசி மாலை வீட்டுக்காரி சோள ரொட்டி சுட்டாள். வட்டமாகத் தட்டி, சுட்ட கல்லில் வைத்து, இரும்பு மூடியால் மூடி, மூடியின் மேல் தணலை அள்ளிக் கொட்டினாள். பிறகு அதைப் பிய்த்து, அவித்த காட்டுக்கீரைக்குள் போட்டு, எண்ணெய் விட்டுத் தந்தாள். எங்கள் உணவகத்தில் இது கிடையாது. வறுமைச் சாப்பாட்டை யாரும் வெளியே வந்து சாப்பிடமாட்டார்கள் என்பார் முதலாளி. நான் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டேன். புறப்படும்போது வீட்டுக்காரி ஒரு துணிப்பையில் சோள மாவும் ஒரு தகரத்தில் எண்ணெயும் கட்டித் தந்தாள். என் கையில் தரவில்லை, மனைவியின் கையில் தந்தாள்.

திரும்பி வரும்போது அவள் என் தோளில் சாய்ந்து கிடந்தாள். தண்ணீர் மட்டும் குடித்த உடம்பு, பாரமே இல்லை. கோபம் எங்கேயோ போய்விட்டது. இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டுபோய் ஒரு நேரம் சேர்ந்து சாப்பிடாமல் கொண்டுவருகிறேனே என்று கவலையாக இருந்தது. இனி எப்போது இப்படி ஒரு கிழமை கிடைக்கும் என்று நினைக்க அலுப்பாக இருந்தது. கவலையைவிட அலுப்புத்தான் கூட.

விமான நிலையத்துக்கு மகள் வந்திருந்தாள். "நல்லாச் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள்.

"கொப்பர் சாப்பிட்டவர்" என்றாள் மனைவி.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பாறணைக்கு வேண்டிய கீரையும் பூசணியும் கத்தரிக்காயும் குளிர்பெட்டியில் இருந்தன. தாய் போனில் சொல்லி மகள் வாங்கி வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் எனக்குத்தான் எல்லாம் கடைசியில் தெரியவரும்.

பாறணை நேரத்தில் நான் ஒருநாளும் விழித்திருந்ததில்லை. வேலையால் வந்து அடித்துப்போட்டமாதிரிக் கிடக்கிறவனை விடிய எழுப்ப அவளுக்கு மனம் வராது. தனியே சமைத்து, தனியே படைத்து, தனியே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவாள். இந்த முறை உடம்பு இன்னும் இத்தாலியில் இருந்தது. மொன்றியலில் இருட்டு, அங்கே வெயில் ஏறியிருக்கும். கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தேன். அன்றும் அவளுக்கு லீவு, அசையாமல் நித்திரையாக இருந்தாள். மெதுவாக எழும்பினேன்.

முதலில் குளித்தேன். பிறகு அவளுடைய சட்டி ஒன்றை எடுத்தேன். நான் அதைக் கையில் எடுப்பது அதுதான் முதல் தடவை. சோள மாவைக் கொட்டி, குழாயில் வந்த சுடுதண்ணீரை ஊற்றினேன். அவள் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"குளிச்சனீங்களோ?"

"ஓம்."

"தலையில?"

தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைக் காட்டினேன். சட்டியை வாங்கி வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வாங்கவில்லை. எட்டிப் பார்த்தாள்.

"இது சரிவராது. அவ தண்ணியைக் கொதிக்கக் கொதிக்க ஊத்தினவ. பேந்து கொஞ்ச நேரம் மூடி வைச்சவ. நீங்கள் எங்க பாத்தியள், சாப்பிட்டுக்கொண்டெல்லோ இருந்தியள்."

பசியோடு பார்த்ததை யாரும் மறக்க மாட்டார்கள். அவள் குளிக்கப் போனாள். நான் அந்த மாவைக் கழித்துவிட்டு வேறு மா எடுத்தேன், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினேன், மூடி வைத்தேன். கீரையை அவித்தேன், பாறணைக்கு அவள் உள்ளிப்பூண்டு சேர்க்க மாட்டாள் என்பதால் அதைத் தொடவில்லை. தணலுக்கு எங்கே போவது? கரண்ட் அடுப்பில் மூடியைப் போட்டு ரொட்டியைப் புரட்டிப் புரட்டிச் சுட்டேன். குளித்துவிட்டு வந்தவள், "பாறணைக்குச் சோறில்லாமலோ?" என்று பக்கத்து அடுப்பில் ஒரு பிடி அரிசியும் போட்டாள். இரண்டு பேர் ஒரே குசினியில் நின்றால் முழங்கை இடிக்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

புகை எச்சரிப்பு மணிக்குப் பொலித்தீன் பை கட்டிவிட்டுக் கர்ப்பூரம் கொளுத்தினாள். முருகனுக்குச் சோறு, கீரை, ஒரு துண்டு சோள ரொட்டி. பிறகு மேசையில் இரண்டு தட்டு வைத்தாள். நான் அரிசிப்பையைத் தூக்கி நிலத்தில் வைத்தேன். முதுகில் ஏதோ கிளுக்கென்றது. கதிரையில் இருந்தேன். இருந்த உடனே எழும்பிவிட்டேன். கீரை ஆறுகிறது, எண்ணெய் விடவில்லை.

"இருங்கோ" என்றாள்.

இருந்தேன். தண்ணீர் வைக்கவில்லை என்று மறுபடியும் எழும்பினேன்.

"இருங்கோ எண்டு சொன்னனான்."

அவள் ரொட்டியைப் பிய்த்துக் கீரைக்குள் போட்டு, அந்த வீட்டுக்காரி பிசைந்தமாதிரியே பிசைந்து, முதல் வாய் வைத்தாள். எந்த வாடிக்கையாளரின் முகத்தையும் நான் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

"உப்புக் காணாது" என்றாள். பிறகு இன்னொரு துண்டை எடுத்தாள்.

எனக்கு அழுகை வந்தது. அவள் கண்டாள். உப்புப் போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டாள். வெளியே விடியும்வரை இருந்து சாப்பிட்டோம்.

உணவகம் திறந்த அன்றே முதலாளியிடம் கேட்டேன், என்னைக் காலை வேலைக்கு மாற்றச் சொல்லி. மாப் பிசைவது, குழம்பு காய்ச்சுவது எல்லாம் பின்னேரத்துக்குள் முடிகிற வேலைகள். முன்பு அவரே தருகிறேன் என்றபோது, அடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றவன் நான். "கிறிஸ்மஸ் முடியட்டும், பார்ப்போம்" என்றார். அவர் பார்ப்போம் என்றால் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

வழக்கம்போலக் கடைசி மெட்ரோவில் வந்தேன். குளித்துவிட்டுக் குசினிக்குள் போனேன். என் சாப்பாடு மூடி இருந்தது. அரிசிப்பை இன்னும் நிலத்திலேயே இருந்தது. அந்தக் கதிரையைத் துடைத்து மேசையோடு சேர்த்து வைத்திருந்தாள். நான் அதில் இருந்தேன். எதிரே அவளுடைய கதிரை வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.