ஒரே தாடை, இரண்டு படங்கள்

பாடம் நடந்துகொண்டிருந்தபோது தலைமையாசிரியர் என்னை வெளியே அழைத்தார். "நம்ம பல் டாக்டர் எஸ்தர் ஞானமணி தவறிட்டாங்களாம், டீச்சர். மாரடைப்பு." அதன்பின் என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

டாக்டர் உலு யாமில் ஒரு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். கோல சிலாங்கூரில் கிளினிக் வைத்திருந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன். ஒரு விரல் நுழையும் அளவுக்குமேல் வாய் திறக்கவில்லை. டாக்டர் எக்ஸ்ரே பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, காதருகே தாடை மூட்டில் ஒரு மெல்லிய கோட்டைக் காட்டினார்.

"எலும்பு உடைஞ்ச மாதிரி இருக்கு. ஆபரேஷன் வேண்டியிருக்கும், டீச்சர்."

கத்தி முக நரம்பில் பட்டால் முகம் கோணிவிடலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. உடன் வந்த என் கணவர் அறுவைக்கு நாள் குறிக்கச் சொன்னார்.

அறுவைக்கு முதல் நாள், கோலாலம்பூர் மருத்துவமனையில் புதிதாக வந்திருந்த கணினி எக்ஸ்ரேயில் படம் எடுத்தார்கள். கிளினிக்கை மூடிவிட்டு டாக்டரும் உடன் வந்திருந்தார். திரையில் அந்தக் கோடு இல்லை.

"அப்ப உடையலதானே, டாக்டர்?" என்றார் என் கணவர்.

"அவசரப்படாதீங்க லா. திரையில வெளிச்சத்தக் கூட்டிக் குறைச்சுப் பார்க்கலாம், அது வசதி. ஆனா ரொம்ப மெல்லிசான கோடுன்னா பிலிம்லதான் நல்லாத் தெரியும். தலைய வேற மாதிரி சாய்ச்சு எடுத்திருந்தா ரெண்டையும் ஒப்பிடவே முடியாது."

என் தலையைக் கணினிப் படத்துக்கு வைத்த அதே சாய்வில் தம் கையாலேயே பிடித்து நிறுத்தி, மறுபடி பிலிமில் எடுக்கச் சொன்னார். பிலிம் கழுவி வரும்வரை நாங்கள் பெஞ்சில் காத்திருந்தோம். என் கணவரின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கியிருந்தன. எனக்கு வலித்தது, விடச் சொல்லத் தோன்றவில்லை.

டாக்டர் ஈரம் காயாத பிலிமோடு வந்தார். உட்காராமலே பேசினார்.

"இதுலயும் கோடு இல்ல. முன்னாடி நான் பார்த்தது மண்டை எலும்போட நிழல், அப்ப தலை வேற மாதிரி சாய்ஞ்சிருந்ததால தாடை மேல விழுந்திருக்கு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், டீச்சர். உங்க ரெண்டு பேரையும் பயமுறுத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

அங்கிருந்த பெரிய டாக்டர்கள் முன்னிலையில் சொன்னார். அறுவை கைவிடப்பட்டது. இறுகியிருந்த தாடைத் தசைக்குக் கொடுத்த பயிற்சியில் மெல்ல மெல்ல என் வாய் திறந்தது.

நேற்று உலு யாம் தேவாலயத்தில் நடந்த இறுதி ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அவர் குடும்பத்தார் என்னை அழைத்தார்கள். சவப்பெட்டிக்கு அருகில் நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

போய் வாருங்கள், டாக்டர்.