ராவுனிக்காகச் சொல்லப்பட்ட பொய்

அந்தனனரிவு நகரின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அரிசி அப்பம் சுட்டு விற்றவள் ராவுனி. வாய்த்துடுக்கு அதிகம். "நேத்து சுட்டதா?" என்று யாராவது கேட்டால், "உன் மூஞ்சியவிடப் புதுசுதான், தைரியமா தின்னு" என்பாள். அவள் கணவன் ராட்சிம்பா கூரை வேய்கிறவன். அவனுக்குப் பொய் வராது. "இந்தக் கோரை ஒரு மழைக்குத்தான் தாங்கும்" என்று கூலி பேசும் முன்பே சொல்லிவிடுவான். வந்த வேலையும் போய்விடும்.

"உனக்குப் பதிலா ஒரு காளையக் கட்டியிருந்தா வயலாவது மிதிச்சுக் குடுத்திருக்கும்" என்பாள் ராவுனி. அவன் சிரித்துக்கொண்டே அப்பத்துக்கு மாவு கரைப்பான்.

இருவரும் ஜெபக்காரர்கள். எங்கள் மடகாஸ்கரில் கிறிஸ்தவர்களுக்கு அப்போது அதுதான் பெயர். ராணி ஜெபத்துக்குத் தடை போட்டிருந்தாள். ஆனாலும் நெல் சேமிக்கும் குழிக்குள் இறங்கி, மூடியை இழுத்து வைத்துக்கொண்டு, மூச்சுக்காற்றளவு சத்தத்தில் பாடுகிறவர்கள் இருந்தார்கள். அந்தக் குழிகளில் ஒன்று ராவுனியின் கொல்லையில் இருந்தது. யாரோ காட்டிக்கொடுத்தார்கள். சிப்பாய்கள் வந்து கணவனையும் மனைவியையும் விசாரணை மைதானத்துக்கு இழுத்துப் போனார்கள்.

அதிகாரி முதலில் அவளைத்தான் கேட்டான். "நீ ஜெபக்காரியா?"

ஊருக்கே பதில் வைத்திருந்த நாக்கு ஒட்டிக்கொண்டது. தென்பக்கத்துப் பாறையிலிருந்து ஜெபக்காரர்களை உருட்டுவதை அவள் கேள்விப்பட்டிருந்தாள். "நான் இல்லீங்க. அந்தாளுதான். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல."

சுற்றி நின்ற சிப்பாய்கள் சிரித்தார்கள். அதிகாரி ராட்சிம்பாவிடம் திரும்பினான். "என்னடா, உன் பொண்டாட்டி சொல்றது நெசமா?"

ராட்சிம்பா அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பிற்காலத்தில் அவள் சொன்னாள்.

"நெசந்தாங்க. அவ ஒருநாளும் ஜெபம் பண்ணதில்ல. இதுக்காக என்னைத் திட்டிக்கிட்டேதான் இருப்பா."

அவளை விட்டுவிட்டார்கள். அவனைப் பாறைக்குக் கொண்டுபோனார்கள். இடுப்பில் கயிறு கட்டி விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, "ஜெபத்த விடறியா?" என்று கேட்டார்கள். "உங்க ஏசு கீழ நின்னு புடிச்சுக்குவாரா?" என்று ஒரு சிப்பாய் கேலி செய்தான். ராவுனி கூட்டத்தின் பின்னால் போர்வையை முகத்தில் இழுத்துவிட்டு நின்றாள். "விடமாட்டேங்க" என்ற குரல் மட்டும் கேட்டது. கயிறு அறுந்த சத்தம் கேட்கவில்லை. ஜனங்கள் ஒன்றாக மூச்சை இழுத்த சத்தம்தான் கேட்டது.

தன் உயிருக்காக ஒரு பொய் சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். சொல்லவில்லை. இவளுக்காகச் சொன்னான்.

ராணி இறந்தாள். தடை நீங்கியது. அந்தப் பாறையின் மேலேயே எங்களுக்குக் கோயில் எழும்பியது. மைதானத்தில் அவள் சொன்னது எங்களில் யாருக்கும் தெரியாது. ரத்தசாட்சியின் மனைவி என்று ராவுனிக்கு முன் வரிசையில் இடம் ஒதுக்கினார்கள். அவள் வாசலோரம் உட்கார்ந்தாள். "பாரேன், எவ்வளவு தாழ்மை!" என்று அதையும் புகழ்ந்தார்கள். சந்தையில் அவள் வாய் அடங்கிப்போயிருந்தது. அதற்குத் துக்கம் என்று பெயர் வைத்தார்கள். ஒருமுறை சபை மூப்பர் ரபேசானாவின் மனைவியிடம் நடந்ததைச் சொல்லிவிடப் போனாள். அந்தம்மாள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பாத்துத்தாங்க்கா எங்க பிள்ளைங்களுக்கு விசுவாசம் வருது" என்றார். ராவுனி திரும்பி வந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடியும் நேரத்தில், நரைத்த மனிதர் ஒருவர் எழுந்து ஞானஸ்நானம் கேட்டார். பெயர் ரைனிமாரு. "நான் ராணியோட சிப்பாயா இருந்தவன். கூரைக்காரரை மைதானத்துலேருந்து கூட்டிட்டுப் போனது நான். கயித்த அறுத்ததும் நாந்தான்."

"வெளிய போடா, பாவி!" என்று கூச்சல் எழுந்தது. மூப்பர் கையமர்த்தினார். "அந்தம்மா சரின்னு சொல்லட்டும். அதுக்கப்புறம் நமக்கு என்ன பேச்சு?"

எல்லா முகங்களும் வாசல் பக்கம் திரும்பின. ராவுனி ரைனிமாருவைப் பார்த்தாள். மைதானத்தில் பக்கத்தில் நின்றவர் என்றால் எல்லாவற்றையும் கேட்டிருப்பார். அவர் மெல்லத் தலையை அசைத்தார். நான் சொல்லமாட்டேன் என்று அதற்குப் பொருள்.

இவளைக் காக்க இன்னொரு ஆள். அதை அவளால் தாங்க முடியவில்லை.

"எனக்காக யாரும் மறைக்க வேணாம்" என்று எழுந்தாள். "அன்னிக்கு அவர மொதல்ல கைவிட்டது நான். ஜெபக்காரி இல்லன்னு சொன்னேன். அவரத்தான் கைகாட்டினேன். கடைசி நேரத்துல எனக்காக அவரு பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு. இவருக்கு மன்னிப்பு இருக்கான்னு என்னைக் கேக்காதீங்க. எனக்கு இருக்கான்னு சொல்லுங்க."

கூட்டத்திலிருந்து ஒரு பெண், அதே பாறையில் தம்பியைப் பறிகொடுத்தவள், "இத்தன வருஷம் எங்க கையால மரியாதை வாங்கித் தின்னியேடி" என்றாள். ராவுனி தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டாள்.

மழைக்காலம் முடியும்வரை அவள் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துப் பந்திக்கு வரக்கூடாது என்று மூப்பர்கள் தீர்த்தார்கள். ரைனிமாருவின் ஞானஸ்நானத்துக்கும் அதுவரை காத்திருப்பு. மழை ஓய்ந்த பின் இருவரும் ஒரே நாளில் பந்திக்கு வந்தார்கள். தம்பியை இழந்தவள் அன்று கோயிலுக்கு வரவில்லை. ராவுனி சாகும்வரை அவள் இவளோடு பேசவும் இல்லை.

ஆனால் வேறு சிலர் வந்தார்கள். ராணி காலத்தில் உயிருக்குப் பயந்து மறுதலித்துவிட்டு, அதன்பின் கோயில் பக்கம் தலைகாட்டாதவர்கள். இப்படிப்பட்டவர்கள் எங்கள் நகரில் எத்தனை பேர் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. தனித்தனியாக ராவுனியின் வீட்டுக்கு வந்து, "நானுந்தான்க்கா" என்று தொடங்குவார்கள். அவள் ஆறுதல் சொல்லத் தெரியாதவள். முழுவதையும் கேட்பாள். நெசவுக்காரர் ஒருவர் அழுது முடித்துவிட்டு, "இந்தப் பாரம் எப்பக்கா எறங்கும்?" என்று கேட்டார்.

"எனக்கு எறங்கல" என்றாள் ராவுனி. "வா, கோயிலுக்கு நேரமாச்சு. நானும் கூட வரேன்."